தாடி வைத்தவருக்கு விசில் கிடையாது

என் வீட்டுக்காரர் பந்து ஆடியவர் அல்ல. பந்து ஆடுகிறவர்களுக்கு நடுவில் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடியவர். பெண் பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளை மூவார்ல இங்கிலீசுப் பள்ளி வாத்தியாரு, பள்ளிக்கூடப் பந்தாட்டத்துக்கெல்லாம் ரெப்ரி" என்றுதான் தரகர் சொன்னார். ரெங்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வாத்தியார் என்பது புரிந்தது. ரெப்ரி என்பது சம்பளத்துக்கு மேல் சம்பளம் வருகிற உத்தியோகம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால் சம்பளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குத் துணி வெளுக்கிற வேலைதான் கூடியது.

மலாயாவில் எங்கள் ஜோகூர்ப் பக்கம் அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறை. அன்று சாயங்காலம் பாடாங்கில் பள்ளிக்கூடங்களின் ஆட்டம் நடக்கும். அந்தப் புல்திடலைச் சுற்றி ஊரே நிற்கும். ஆட்டங்களுக்கெல்லாம் பொறுப்பு ஒரு வெள்ளைக்கார விளையாட்டு மாஸ்டர். துரை என்றால் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். பையன்கள் காலில் செருப்பில்லாமல் ஆடினாலும் அவருக்குக் கவலை கிடையாது. ஆனால் ரெப்ரியும், கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிற இரண்டு பேரும் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்கள் போல வர வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்ப்பார்.

கறுப்புக் கோட்டு. அந்த வெயிலிலும் பொத்தான் எல்லாம் போட்டிருக்க வேண்டும். உள்ளே வெள்ளைச் சட்டை, அதன் காலர் கோட்டுக்கு வெளியே மடிந்து படிந்து கிடக்க வேண்டும். வெள்ளை அரைக்கால் சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும். கறுப்புக் காலுறை முட்டிக்குக் கீழே இழுத்து மடித்திருக்க வேண்டும், ஓடும்போது இறங்கக்கூடாது. அதற்கு நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையம் போட்டுக் கொடுத்தேன். நெற்றியில் திருநீறு கூடாது. இவர் அதைச் சட்டைக்குள் நெஞ்சில் பூசிக்கொண்டு போவார். எல்லாவற்றுக்கும் மேலே, முகம் அன்றைக்கு மழித்த முகமாக இருக்க வேண்டும்.

"ஏங்க, பந்து ஒதைக்கிறவன் அவன். ஒங்க மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒனக்குத் தெரியாது புள்ள. அழுக்குச் சட்டைக்காரன் விசில் ஊதினா பையனுங்க மதிக்க மாட்டானுங்கன்னு துரை சொல்றாரு. நியாயந்தானே?"

நியாயமாம். வீட்டில் நான் அழுக்குச் சேலையோடு அதட்டினால் மட்டும் இவர் மதித்தாரே, அது எப்படி என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை சோறு வடித்த கஞ்சி முழுவதும் அரைக்கால் சட்டைக்குத்தான் போகும். சிரட்டைக்கரி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஊதி ஊதி என் கண்ணெல்லாம் சிவந்துபோகும். ஒருமுறை கோபத்தில் கஞ்சியைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். காய்ந்த பிறகு அந்தக் கால்சட்டை யாரும் பிடிக்காமலே தரையில் நின்றது. அதையும் போட்டுக்கொண்டு போனார் மனுஷர். ஓடும்போது சரக் சரக்கென்று சத்தம் கேட்டதாம். பையன்கள் திரும்பிப் பார்க்காமலே ரெப்ரி எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு, அவர் தூரத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஒருவனை ஒருவன் உதைத்துக்கொண்டார்களாம். வந்து என்னிடம் சண்டைக்கு நின்றார். நான் ஒரு வாரம் சிரித்தேன்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான் உண்டானேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஜனத்தில் பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் கத்தி. அதனால் மூவாரில் தமிழ் ஆம்பிளைகளின் தாடையைப் பார்த்தாலே அவரவர் வீட்டு விசேஷம் தெரிந்துவிடும். பாசார் என்கிற சந்தையில் மீன் விற்கிறவள்கூட, "ஆபீஸ் கிராணியாருக்குத் தாடி எறங்கிருக்கு, இன்னும் மூணு மாசத்துல பிரசவம்" என்று கணக்குச் சொல்லுவாள்.

முதல் தடவை நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் மழித்துக்கொண்டு அவர் பாடாங்குக்குப் போனார். எங்கள் ஜனத்தில் வெள்ளிக்கிழமை சவரமே ஆகாது, அதிலும் பெண்டாட்டி உண்டாயிருக்கும்போது. பிள்ளை நிறை மாதத்தில் பிறந்தது. உயிர் இல்லை.

அதன் பிறகு யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சொன்னாள். நல்லவள்தான், கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவள், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா கத்தி வச்சாரே தங்கச்சி. தெரிஞ்சே செய்யலாமா?" என்றாள். அவர் அடுத்த அறையில் பையன்களின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். விழாதது போல இருந்தார்.

இரண்டாவது முறை உண்டானதும் நான் கேட்காமலே கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தாடி வளர்ந்தது. வளர்ந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கன்னத்தில் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து, தாடையில் மட்டும் ஆட்டுக்கு இருக்கிற மாதிரி கொஞ்சம் தொங்கியது. அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

துரைக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். இவர் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். துரை கவனமாகக் கேட்டுவிட்டு, உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன், விசிலை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றாராம்.

"அந்தச் சீக்கியப் போலீஸ்காரரு நெஞ்சு வரைக்கும் தாடி வச்சுக்கிட்டுக் கொடி பிடிக்கிறாரே, அவர மட்டும் விடுறீங்களேன்னு கேக்க வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"கேட்டேன். அவரோடது வளந்து முடிஞ்ச தாடியாம். என்னோடது இன்னும் வேலை நடந்துக்கிட்டிருக்காம்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் கோட்டை எடுத்து மடித்து, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்போது எனக்கு நாலு மாதம்.

எனக்கு ஏழு மாதம் ஆனபோது அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு பள்ளி, இக்கரையில் ஒரு பள்ளி. கடைசி ஆட்டத்துக்கு எப்போதும் வெள்ளைக்காரர்தான் விசில் ஊதுவார். அந்த வருஷம் துரை இவரைக் கூப்பிட்டார். தமிழர் ஒருவரை அதற்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. மழித்துக்கொண்டு வந்தால் விசில் உங்களுக்கு, வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பார்ப்பேன், இல்லையென்றால் பேங்கில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவர் என்னிடம் வந்து, "வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லிடலாம் என்று இருக்கிறாராம். கவனித்தீர்களா?

வேண்டாம் என்கிற மனுஷன் சும்மா இருக்க வேண்டும் இல்லையா? அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆட்டம் நடத்தினார். அக்கா வீட்டுச் சேவல் எங்கள் வேலியைத் தாண்டினால் கையைத் தூக்கி "ஆஃப்சைட்" என்பார். பூனை இரண்டு சண்டை போட்டால் பக்கத்தில் போய்க் குனிந்து நின்று யார் முதலில் அடித்தது என்று பார்ப்பார். நான் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால்மட்டும் சட்டென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடிப்பார். எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "போகணும்னா போங்க, வேணாம்னா சும்மா கெடங்க. ரெண்டுங்கெட்டானா ஏன் என் உசுர வாங்குறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கொத்துத் தாடிக்குள் அவர் வாய் கோணியது.

"போக மாட்டேன். மொதப் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன். நீயும் அதத்தானே நெனைக்கிற?"

இத்தனை நாளும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, எழுந்து உள்ளே போய்விட்டேன். கஞ்சியை வடித்தேன். வடிக்கும்போதுதான் மண்டையில் ஏறியது. இவர் முகத்தில் வளர்ந்தது எனக்காக வைத்த தாடி இல்லை. அது இவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை. நானும் இத்தனை மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐயோ கடவுளே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தது நெளிந்தது. எழுந்து பானையில் வெந்நீர் எடுத்தேன், உள்ளே போய்ச் சவரக்கத்தியைத் தேடி எடுத்தேன், அவருக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மூஞ்சியக் காட்டுங்க."

"என்ன புள்ள இது? வெள்ளிக்கெழமை..."

"நாளும் கிழமையும் எனக்கும் தெரியும். காட்டுங்க. நீங்க யாரையும் கொல்லல. அந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்தீங்க, இந்தக் கத்திக்கு வேற வேலை வரும்."

நான் பிறந்ததிலிருந்து ஒரு முகத்தை மழித்தவள் இல்லை. வயிறு வேறு நடுவில். எட்டிப் பிடித்துக்கொண்டு சோப்பு நுரையை அப்பி, மெல்ல இழுத்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நுரையோடு கலந்தது.

"அழாதீங்க, கத்தி வழுக்குது" என்றேன். என் கண்ணும் மறைத்தது. அதனால்தான் தாடையில் வெட்டு விழுந்தது.

டிரங்குப் பெட்டியைத் திறந்து கோட்டை வெயிலில் உதறினோம். அந்துருண்டை வாடை போகவே இல்லை. கஞ்சி போட நேரமில்லாமல் வெறும் இஸ்திரிதான் போட்டேன். மதியத்துக்குள் துரையிடம் போய் நின்றாராம். துரை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாடையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, யார் மழித்தது என்று கேட்டாராம். மனைவி என்றாராம் இவர். துரை அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் விசிலைக் கொடுத்துவிட்டாராம்.

சாயங்காலம் நான் வீட்டில் உட்கார்ந்து ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்து மாங்காய்த் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, யாராக இருக்கும் என்று காதைத் தீட்டினேன். சத்தம் நெருங்கி நெருங்கி எங்கள் வாசலில் வந்து நின்றது. தலையை விரித்துக்கொண்டு அக்கா முன்னால், அவளுக்குப் பின்னால் தெருவே.

"என் தங்கச்சி, ஒனக்கா இந்தக் கதி!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாருக்கா செத்தது?" என்றேன் நான், மாங்காயை வாயிலிருந்து எடுத்து.

அக்கா என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். ஊறுகாய் ஜாடியைப் பார்த்தாள். ஒப்பாரி நடுவிலேயே நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் இது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

நடந்தது இதுதான். பாடாங்கில் இவர் மழித்த முகத்தோடு இறங்கியதும் தமிழ் ஜனம் முழுக்கத் திகைத்துப்போயிருக்கிறது. பாசார் தெருவில் முடி வெட்டுகிறவர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்: வாத்தியார் மழித்துவிட்டார், அப்படியானால் வயிற்றில் இருந்தது வெளியே வந்துவிட்டது. மாதமோ இன்னும் ஆகவில்லை. நல்லபடியாகப் பிறந்திருந்தால் ஊருக்குக் கற்கண்டு வந்திருக்கும். கற்கண்டு வரவில்லை. சவரக் கடைக்கு வராமல் கண்ட இடத்தில் அவசரமாக மழித்து வெட்டுக்காயத்தோடு நிற்கிறார். பாவம், இந்த முறையும் போச்சு. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி பெண்டுகளுக்கு வந்துவிட்டது.

அழுதது வீண் என்று தெரிந்ததும் அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! நான் உயிரோடும் வயிற்றோடும் இருந்ததே குற்றம் போலப் பேசினார்கள். எல்லோருக்கும் கோப்பி கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அக்கா ஆரம்பித்தாள்.

"யாரு மழிச்சது?"

"நாந்தான்."

"அலமாக்! நீயா? ஒன்னு போயும் ஒனக்குப் புத்தி வரலியா? ஒரு விசிலுக்காகவா?"

"விசிலுக்காக இல்லக்கா" என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே எல்லோரும் எழுந்து போனார்கள்.

அவர்கள் போனதும் கோப்பிக் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டேன். வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தேன். அசைவே இல்லாத மாதிரி இருந்தது. காலையில் இருந்த தைரியம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஊர் சொன்னது சரியாகிவிட்டால் அவர் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அவர் சேறும் வேர்வையுமாக, சிரித்த முகமாக வந்தார்.

"புள்ள, இன்னைக்கு நடந்தது ஒனக்குத் தெரியாது. அக்கரைப் பள்ளிக்கு ஒரு பெனால்டி குடுத்தேன். வேடிக்கை பாத்த நம்ம ஆளுங்க ஒருத்தன் வாயத் தொறக்கல! வழக்கமா எங்கப்பன் பாட்டன் எல்லாரையும் இழுப்பானுங்க. இன்னைக்கு நான் பக்கத்துல ஓடுனா சாங்கோ எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. ஒரு பெரியவரு என் தோளத் தட்டிக் குடுத்தாரு. மூஞ்சி சுத்தமா இருந்தா மரியாதையே தனிதான். துரை சொன்னது சரி."

சாங்கோ என்பது வெயிலுக்கு எங்கள் ஆம்பிளைகள் போட்டுக்கொள்ளும் தொப்பி. எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது. ஏன் மரியாதை செய்தார்கள் என்பதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மெல்ல மெல்ல விழுந்தது. பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கி, உள்ளே இருந்தது பொறுக்காமல் விலாவில் ஓர் உதை விட்டது. "ஐயோ" என்று கத்தினேன். கத்திவிட்டு அவர் கையை எடுத்து அங்கே வைத்தேன்.

மழித்தது மழித்தாகிவிட்டது என்று அதன் பிறகு அவர் தினமும் மழித்துக்கொண்டார். கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முடி வெட்டுகிறவர், "இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம் வாத்தியாரே" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்து அடங்குவது பெரிய காரியமாக இருந்தது.

வலி ஒரு விடியற்காலையில் கண்டது. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து மருத்துவச்சி வந்தார். அக்காவும், கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து என் தலைமாட்டில் நின்றாள். வெயில் ஏறுமுன் பெண் பிறந்தாள். பிறந்தவள் கத்திய கத்தலில் வாசலில் நின்ற இவர் கதவைத் தள்ளிக்கொண்டே உள்ளே வரப்பார்த்தார்.

குளிப்பாட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்த பிறகுதான் அக்கா தலையைப் பார்த்தாள். ஒரு முடி இல்லை. வழவழவென்று மின்னியது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா? நான் சொன்னேன்ல? அப்பன் மழிச்சான், புள்ள மொட்டையா பொறந்திருக்கு. சாமி சும்மா விடுமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது எனக்குத் தெரியும். எழுந்திருக்கச் சக்தி இல்லை, ஆனாலும் அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

"மொத தடவையும் இவரு மழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு அக்கா. அந்தப் புள்ளைக்குத் தலை நெறைய முடி. காது மறையிற அளவுக்குச் சுருட்ட முடி. ஒரே ஒரு தடவதான் தடவிப் பாத்தேன்."

பிள்ளை முகமெல்லாம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா அதைத் தோளில் போட்டுத் தட்டி, "ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ்" என்று அமர்த்தப் பார்த்தாள்.

"அமத்தாதீங்கக்கா" என்றேன். "கொஞ்ச நேரம் அழட்டும்."